பழைய கண்ட்ரோலர்களில் எது கைக்கு இதம்? கேள்வி பதில்

பினாங்கில் பழைய கேம் கண்ட்ரோலர்களைப் பிரித்து மேய்வதுதான் என் ஞாயிற்றுக்கிழமை வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணே, லோரோங் குலிட் சந்தையில் ஒரு என்.இ.எஸ். (நிண்டெண்டோவின் பழைய கேம் இயந்திரம்) கண்ட்ரோலர் வாங்கினேன். அரை மணி நேரத்தில் உள்ளங்கையைக் குத்துகிறது. சின்ன வயதில் இப்படித் தெரியவில்லையே? (பட்டர்வொர்த்)

சின்ன வயதில் உங்கள் கையும் சின்னது, தம்பி. அதன் திசை காட்டும் சிலுவைப் பட்டன், நிண்டெண்டோவின் கும்பெய் யோகோய் 1982-இல் டாங்கி காங் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க கேமுக்காகச் செய்தது. கட்டைவிரலுக்கு அருமை. ஆனால் பிடிக்கிற கைக்கு? சோப்புப் பெட்டி மாதிரி நான்கு முனை. 1990-இல் நிண்டெண்டோவின் அடுத்த இயந்திரமான சூப்பர் ஃபேமிகாம் வந்தபோதுதான் இரு பக்கமும் உருண்டது. எனக்கு இன்றும் அதுதான் பிடிக்கும்.

நிண்டெண்டோ 64-க்கு எதற்கு மூன்று கொம்பு? எனக்கு இரண்டு கைதானே! (பிரிக்ஃபீல்ட்ஸ்)

மூன்றையும் பிடிக்கச் சொல்லவில்லை. ஸ்டிக் (கட்டைவிரலால் சாய்க்கிற குச்சி) வேண்டிய கேமுக்கு இடது கை நடுக்கொம்பில், சிலுவைப் பட்டன் கேமுக்கு இடது கொம்பில். நடுவில் பிடித்தால் ஆள்காட்டி விரல் அடியிலுள்ள இசட் பட்டனில் துப்பாக்கி விசை போல உட்காரும். அது அபாரம். ஆனால் அப்படிப் பிடித்தால் இடது மேல் ஓரத்து எல் பட்டன் எட்டாது. கேமுக்கு நடுவே கை மாற்றவேண்டி வந்தால் தொலைந்தோம்.

போன மாதம் ஒன்றைத் திறந்தேன். உள்ளே முகப்பவுடர் கொட்டியது போல வெள்ளைத் தூள். ஸ்டிக்கின் கால் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் உரசி உரசித் தேய்ந்த தூள் அது. அசைவை அளப்பது வெளிச்சத்தில் இயங்கும் சென்சார். அது நன்றாகவே இருந்தது. சந்தையில் வாங்கும்போது ஸ்டிக்கைச் சாய்த்து விட்டுப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கவேண்டும். தூங்கி விழுகிற கோழி மாதிரி தலை தொங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சண்டை கேமுக்கு எது? (ஜெலுத்தோங்)

சேகா சாட்டர்ன், ஜப்பான் வடிவம். வலப்பக்கம் ஆறு பட்டன், சிலுவைப் பட்டனும் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்த கேள்வி.

பிளேஸ்டேஷன் ஸ்டிக் பிடித்தால் கட்டைவிரலின் அடி வலிக்கிறது. எனக்கு வயசாகிவிட்டதா அண்ணே? (செந்தூல்)

வயதைச் சொல்லாதேம்மா, நான் உன்னைவிட மூத்தவன். சோனியின் டெய்யு கோதோ 1994-இல் பிளேஸ்டேஷனுக்கு வரைந்த கண்ட்ரோலரில் ஸ்டிக்கே கிடையாது. 1997-இல் இரண்டு ஸ்டிக்கைச் சேர்த்தபோது, கட்டைவிரல் இயல்பாக நிற்கும் இடத்தில் ஏற்கெனவே பட்டன்கள் குடியிருந்தன. மிச்சமிருந்தது கீழே. அதனால்தான் விரல் உள்பக்கமாக நீள்கிறது. 1998-இல் வந்த சேகாவின் டிரீம்காஸ்ட்டில் ஸ்டிக் மேலே, சிலுவைப் பட்டன் கீழே. அதில் வயர் நம்மைப் பார்த்து வெளிவருவதுதான் வேடிக்கை. நிண்டெண்டோவின் 2001 கேம்கியூபும் ஸ்டிக்கை மேலேயே வைத்தது. உனக்கு அதைச் சொல்வேன்.

பட்டனை அழுத்தினால் மெதுவாகத்தான் எழும்புகிறது. ரப்பர் போய்விட்டதா? (பாயான் பாரு)

பெரும்பாலும் ரப்பர் இல்லை, எப்போதோ சிந்திக் காய்ந்த தே தாரேக் தேநீர்தான்! திறந்து, பட்டன்களை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நம் ஊர் ஈரத்தில் ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். ரப்பருக்கு அடியிலுள்ள கறுப்புப் புள்ளிகளை அழுத்தித் தேய்க்காதீர்கள். மின்சாரம் கடப்பது அதன் வழியாகத்தான்.