லிப்போபுரோட்டீன்-ஏ கூடினால் இரத்தம் உறையுமா?

எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறது, லிப்போபுரோட்டீன்-ஏ மட்டும் டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம், இரத்தம் உறைந்துவிடுமா, ஆஸ்பிரின் போடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 50-ஐத் தாண்டினாலே அதிகம்தான், ஆனால் பதற வேண்டாம். லிப்போபுரோட்டீன்-ஏ என்பது எல்டிஎல் துகளோடு இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டது. அந்தப் புரதம் இரத்தக்கட்டியைக் கரைக்க உதவும் பிளாஸ்மினோஜென் போலவே இருப்பதால், ஆய்வகச் சோதனைகளில், இரத்தக்கட்டியின் வலைநாரான ஃபைப்ரினில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு கட்டி கரைவதைத் தடுக்கிறது. உடலுக்குள் அதே அளவுக்கு நடக்கிறதா என்பது வேறு கதை: கால் சிரைகளில் கட்டி வருவதோடு தொடர்பு பலவீனம்தான், தமனியில் கொழுப்பு படிந்து மாரடைப்பு வருவதோடுதான் வலுவான தொடர்பு. பெரும்பாலும் பரம்பரை, சாப்பாட்டைக் குறைத்தாலும் இறங்காது. ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்காதீர்கள், வயிற்றில் இரத்தக்கசிவு வரலாம். எல்டிஎல்லை இன்னும் இறக்க வேண்டுமா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள், அப்புறம் உடன்பிறந்தவர்களையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள்.