கூச்சி ப்ளூமா, டியோர் ஜாடோரா?

அம்மாவின் பிறந்தநாளுக்கு இந்த இரண்டு பெர்ஃப்யூம்களில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். கனமான வாசனை என்றால் அவருக்குத் தலைவலி வரும் என்றும் சொன்னதால், என் ஓட்டு ஜாடோருக்குத்தான்.

இரண்டிலும் மல்லிகை உண்டு. ஆனால் 2017இல் வந்த ப்ளூமில் சம்பங்கி தூக்கலாக நிற்கும். ஏசி காரில், மூடிய அறையில் அது கொஞ்சம் அதிகம். (எனக்கென்னவோ கல்யாண மாலைதான் ஞாபகம் வரும். சிலருக்கு அதுவே பிடிக்கும்!) 1999இல் வந்த ஜாடோர் பேரிக்காய், முலாம்பழச் சாயலோடு தொடங்கி ரோஜா, மல்லிகை, இலாங்-இலாங் பூ என்று இதமாக இறங்கும்.

அப்புறம், காகித அட்டையில் முகர்ந்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். முடிந்தால் அம்மாவையே கடைக்கு அழைத்துப்போய், கைக்கு ஒன்றாக அடித்துவிட்டு, அரைமணி நேரம் கழித்து முகரச் சொல்லுங்கள். முதலில் சின்ன பாட்டிலே போதும்.