மூன்றாம் வாய்ப்பாடு இருக்கட்டும் (கடிதம்)

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு 11 வயது, ஆட்டிசம். ஒன்றிரண்டு சொற்கள்தான் பேசுவான். பள்ளியில் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார வைத்திருந்தார்கள், அதனால் போன வருடம் நிறுத்திவிட்டு வீட்டிலேயே சொல்லித்தருகிறேன். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் தமிழ், கணக்கு, ஒர்க்‌ஷீட் என்று மதியம் வரை போகும். மூன்றாம் வாய்ப்பாட்டிலேயே மாதக்கணக்காக நிற்கிறோம், சில நாள் இரண்டு பேரும் அழுதுவிடுகிறோம். "இதுக்குப் பள்ளிக்கூடமே தேவல" என்கிறார் மாமியார். படிப்பைத் தாண்டி என்ன சொல்லித்தரலாம், எங்கே தொடங்குவது? இன்னும் நான்தான் அவனைக் குளிப்பாட்டி உடை மாட்டிவிடுகிறேன்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசி வரியில்தான் தொடங்க வேண்டும். வாய்ப்பாடு இருக்கட்டும், அது எங்கும் ஓடிப்போகாது. பையன் வளர்ந்துகொண்டிருக்கிறான், இரண்டு மூன்று வருடத்தில் மீசை அரும்பிவிடும், அப்போதும் அவனை இன்னொருவர்தான் குளிப்பாட்ட வேண்டும் என்றால் உங்களுக்கு உடம்பு முடியாத நாளில் அந்த இன்னொருவர் யார்? யார் வேண்டுமானாலும் தொடலாம் என்று பழகிவிட்ட பிள்ளைக்கு எந்தத் தொடுதல் தப்பு என்று சொல்லிப் புரியவைப்பது மிகவும் கஷ்டம். தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்வதும், கதவைச் சாத்திக்கொண்டு துணி மாற்றுவதும் அவனுக்குப் பாதுகாப்பு. அதனால் காலையின் முதல் ஒரு மணி நேரத்தை ஒர்க்‌ஷீட்டிலிருந்து எடுத்து இதற்குக் கொடுங்கள்.

அரைக்கால் சட்டையில் ஆரம்பிக்கலாம். எலாஸ்டிக் வைத்ததாக, கொஞ்சம் தொளதொளவென்று இருப்பதாக எடுங்கள். வழக்கம்போல நீங்களே மாட்டிவிடுங்கள், ஆனால் இடுப்பு வரை ஏற்றாமல் தொடையோடு நிறுத்திவிடுங்கள். அவன் உங்களைப் பார்ப்பான். பேசாமல் நில்லுங்கள். கை வரவில்லை என்றால் பின்னால் நின்று அவன் இரண்டு கட்டைவிரலையும் எலாஸ்டிக்குக்குள் விட்டு, அவன் கைமேல் உங்கள் கையை வைத்துச் சேர்ந்து இழுங்கள். கடைசி இழுப்பு அவனுடையதாக இருக்கட்டும். அது பழகிய பிறகு முட்டியிலிருந்து, அப்புறம் கணுக்காலிலிருந்து, அப்புறம் உட்கார்ந்து தானே காலை விடுவது வரை. ஸ்பெஷல் எஜுகேட்டர்கள் இப்படிக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கித்தான் சொல்லித்தருவார்கள், ஏனென்றால் முதல் நாளே வேலையை முடித்தவன் அவன்தான். முன்பக்கம் பின்பக்கம் குழம்பினால் பின்பக்கத்தின் உள்ளே சிவப்பு நூலால் இரண்டு தையல் போடுங்கள். பட்டன் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குளிப்பதற்கு ஷவர் வேண்டாம், வாளியும் மக்கும்தான் நல்லது. வாளி காலியானால் குளியல் முடிந்தது என்று அவனுக்கே தெரியும், நீங்கள் "போதும் வா" என்று கத்த வேண்டியதில்லை. வெந்நீர் மட்டும் நீங்கள் விளாவி வையுங்கள். வலிப்பு வருகிற பிள்ளை என்றால் குளியலறையில் தனியாக விடவே கூடாது.

அடுத்தது பேச்சு. ஒன்றிரண்டு சொல்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் "வேண்டாம்" இருக்கிறதா? இல்லையென்றால் அதற்கு ஒரு படமோ சைகையோ இன்றைக்கே கொடுங்கள். சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலியில் தமிழிலேயே படத்தைத் தொட்டுப் பேசலாம், சும்மா அட்டையில் ஒட்டிய போட்டோவும் போதும். படம் காட்டினால் பிள்ளை பேசவே மாட்டான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று, அவன் "போதும்" என்று காட்டினால் நீங்கள் நிறுத்த வேண்டும். நாலாவது ஒர்க்‌ஷீட்டில் அவன் பென்சிலைத் தள்ளிவிடுகிறான் என்றால் அதுவும் "போதும்"தான், அதை அடம் என்று எடுத்துக்கொண்டால் அடுத்த தடவை தள்ளுவதற்குப் பதில் அடிப்பான். தன் கையைத் தானே கடித்துக்கொள்ளவும் செய்யலாம்.

மாமியாரோடு வாதாடாதீர்கள். பச்சைப் பட்டாணியோ மொச்சையோ வாங்கி வந்தால் அவர் பக்கத்தில் இவனை உட்கார வைத்து உரிக்கச் சொல்லுங்கள். விரல்நுனியால் அழுத்திப் பிளப்பது பென்சில் பிடிக்கிற அதே விரல்களுக்கு வேலை, தெரபியில் களிமண்ணை வைத்துச் செய்வதும் இதுதான். அவன் உரித்தது குழம்பில் விழுவதைப் பாட்டியும் பார்ப்பார். சாப்பாட்டு நேரத்தில் தட்டு எடுத்து வைக்கும் வேலை அவனுடையது என்று வைத்துவிடுங்கள், ஆளுக்கு ஒன்று, ஒன்று குறைந்தால் ஒருவருக்குத் தட்டில்லை. இதைவிட நல்ல கணக்குப் பாடம் எனக்குத் தெரியாது.

ஒரு விஷயம் உறுத்துகிறது. கடிதத்தில் அவனுக்கு என்ன வராது என்று இருக்கிறது, என்ன பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. தண்ணீரா, ஃபேன் சுற்றுவதா, பாட்டா? அதைக் கண்டுபிடித்து, அதற்கென்று நாளில் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் எதையும் சொல்லித்தராமல் சும்மா கூட இருங்கள். வீட்டுக் கல்வி என்று சொல்லி அவனை நாலு சுவருக்குள்ளேயே வைத்துவிடவும் கூடாது. தெருமுனைக் கடைக்காரரிடம் முன்னாடியே பேசி வைத்துக்கொண்டு, கூட்டமில்லாத நேரத்தில் பத்து ரூபாயோடு அனுப்பி ஒரே ஒரு பொருள் வாங்கட்டும், நீங்கள் நாலடி தள்ளி நில்லுங்கள்.

படிப்பை விடச் சொல்லவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையாக மூன்று நிலைகள் இருக்கின்றன, அவனுக்கு எப்போது வருமோ அப்போது எழுதலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்று பெற்ற பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்த்தார்கள். அதனால் "பள்ளியை விட்டவன்" என்ற கணக்கில் அவன் விழாமல் பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் போய்ப் பேசிப் பதிந்துவிடுங்கள், சிறப்பாசிரியர்கள் அங்கே இருப்பார்கள். ஆட்டிசம் உள்ளவர்களும் சேரக்கூடிய நிராமயா என்ற மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவுக்கும் ஒரு பகுதி கிடைக்கும்.

யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நீங்கள் மட்டும் போய்வராதீர்கள், அவனையும் கூட்டிப்போங்கள், பதினோரு மணிக்கு மேல் கூட்டம் குறைந்த டவுன் பஸ்ஸில். அட்டை வந்த பிறகு சாதாரண டவுன் பஸ்ஸில் அவனுக்குக் கட்டணம் கிடையாது, துணைக்கு வருகிறவருக்கும் கிடையாது. கண்டக்டர் கொடுக்கும் சீட்டை அவனே கை நீட்டி வாங்கட்டும்.