தோற்ற யார்டுக்கும் பாதி ஆர்டர் ஏன்?

"டெண்டரில் ஜெயித்தது ஒரு யார்டு (கப்பல் கட்டும் தளம்), பாதி ஆர்டர் தோற்றவருக்கும் போகிறது, இது என்ன போட்டி?" என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்லும், இந்தியக் கடற்படையின் 16 நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல்களுக்குக் குறைந்த விலை கேட்டது கொல்கத்தாவின் அரசு யார்டான ஜிஆர்எஸ்இ. அந்த விலைக்கே கொச்சி ஷிப்யார்டும் ஒத்துக்கொண்ட பிறகுதான், 2019 ஏப்ரலில் ஆளுக்கு 8 கப்பல்; ஒவ்வோர் ஒப்பந்தமும் சுமார் 6,311 கோடி ரூபாய். ஆக, தோற்றவர் தன் விலைக்குக் கட்டவில்லை. ஜிஆர்எஸ்இ தன் பங்கில் சிலவற்றை நம்ம காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டியிடம் கட்டக் கொடுத்தது. அந்த வரிசையின் ஐஎன்எஸ் அர்ணாலா அங்கே உருவானதுதான்.

பாதி எப்படியும் கிடைக்கும் என்று தெரிந்தால் விலையை இறக்கும் வேகம் குறையும், அது நியாயமான சந்தேகம். ஆனால் பி-17ஏ என்ற திட்டத்தின் போர்க்கப்பல்கள் ஏழும் டெண்டரே இல்லாமல் நேரடியாக இரண்டு அரசு யார்டுகளுக்குப் போனவை. அங்கே விலையை எதோடு ஒப்பிடுவது?

என்னைக் கேட்டால், பணம் கரைவது கையெழுத்துக்கு அப்புறம்தான். வரைபடம் முடியுமுன்னே இரும்பை வெட்டத் தொடங்கி, நடுவில் ரேடாரை மாற்றினால் எந்த நிலையான விலையும் நிற்காது. அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கையைப் புரட்டும்போது, வரைபடம் முடிந்த தேதி, இரும்பை வெட்டத் தொடங்கிய தேதி, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.