ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் தட்டை எடுக்கலாமா?

கேள்வி: மதுரையில் குடும்பங்கள் வந்து அமர்ந்து சாப்பிடும் மல்டி குசின் உணவகம் ஒன்றை நடத்தி வருகிறேன். சாப்பிட்டு முடித்தவரின் தட்டை உடனே எடுத்தால், ‘எங்களை விரட்டுகிறீர்களா?’ என்று ஒரு மேசையில் கோபிக்கிறார்கள். எடுக்காமல் விட்டால், ‘எச்சில் தட்டை எவ்வளவு நேரம் முன்னால் வைத்துக்கொண்டிருப்பது?’ என்று அடுத்த மேசையில் கேட்கிறார்கள். சனி, ஞாயிறு இரவுகளில் வாசலில் ஆட்கள் காத்திருப்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சர்வர்களுக்கு என்ன விதியைச் சொல்லிக் கொடுப்பது?

பதில்: உங்களுடையதைப் போன்ற உணவகத்துக்கு, ஒரு மேசையில் கடைசி ஆள் சாப்பிட்டு முடித்த பிறகே எல்லாத் தட்டுகளையும் ஒரே சுற்றில் எடுக்க வேண்டும் என்பதே விதி. தன் தட்டை எடுத்துவிடும்படி விருந்தினரே கேட்டால் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. சிற்றுண்டிச் சாலையில், அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் நேரத்தில், கிளீனர் உடனுக்குடன் எடுத்துத் துடைப்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. அங்கே வந்தவர்கள் அதற்குத் தயாராகவே வந்திருக்கிறார்கள்.

நால்வரில் மூவரின் தட்டுகள் போய்விட்டால், மெதுவாகச் சாப்பிடும் நான்காமவர் மட்டும் எல்லோரும் தம்மையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் உணர்ந்து, பாதி நாணையும் கறியையும் அப்படியே ஒதுக்கிவிட்டுப் போதும் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் அவர் குழந்தைக்கு ஊட்டிவிட்டுத் தாம் தாமதமாகத் தொடங்கிய தாயாகவோ வயதானவராகவோ இருப்பார். தட்டு எடுக்கப்பட்டவருக்கு அதில் எந்த நட்டமும் இல்லை என்பதால், ‘முடித்தவரின் தட்டைத்தானே எடுத்தோம்’ என்ற சர்வரின் வாதம் நியாயமாகத் தோன்றும். ஆனால் அவசரப்படுத்தப்படுபவர் எதிரில் இருப்பவர்.

இது மேல்நாட்டு நாகரிகம், நமக்கு எதற்கு என்று உங்கள் பணியாளர்கள் கேட்கக்கூடும். ஒன்றன்பின் ஒன்றாகப் பண்டங்களைக் கொண்டுவரும் ரஷ்ய முறைப் பரிமாறல் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவிய பிறகு, அடுத்த பண்டம் வருவதற்குள் முந்தைய தட்டை எப்போது எடுப்பது என்பது அங்கே ஒவ்வொரு முறையும் எழும் கேள்வியாயிற்று என்பது உண்மைதான். ஆனால் நம் பந்தியில் முதலில் முடித்தவர் வரிசை எழும் வரை இலையின் முன் அமர்ந்திருப்பதும், எல்லோரும் எழுந்த பின்னரே இலை எடுப்பவர்கள் உள்ளே வருவதும் இதே மரியாதையைக் காக்கத்தான். சர்வர்களுக்கு இதைப் பந்தியைச் சொல்லியே விளக்குங்கள். ஒரே நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் பல உணவகங்களில் முடித்தவரின் தட்டை உடனே எடுத்துவிடுகிறார்களே என்று யாராவது கேட்டால், டிப்ஸ் வாங்கும் பணியாளருக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டிய மத்திய குறைந்தபட்ச ஊதியம் அங்கே 1991 முதல் மணிக்கு 2.13 டாலராகவே நிற்பதையும், மேசை எத்தனை முறை நிரம்புகிறதோ அதைப் பொறுத்தே பலரின் வருமானம் அமைவதையும் சொல்லுங்கள். அந்த அவசரத்துக்குக் காரணம் வேறு.

உண்மையான சிக்கல், ஒருவர் முடித்துவிட்டாரா என்று கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. கத்தியையும் முட்கரண்டியையும் தட்டின் மேல் இணையாகச் சேர்த்து வைத்தால் முடிந்தது என்றும், தலைகீழ் ‘வி’ போல விரித்து வைத்தால் தொடரும் என்றும் பயிற்சிப் பள்ளிகளில் கற்றுத் தருகிறோம். மதுரையில் அதை நம்பிப் பயனில்லை. இங்கே பலர் வலது கையால் பிசைந்து, கரண்டியைப் பரிமாறிக்கொள்வதற்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள். கரண்டி தட்டில் எப்படிக் கிடந்தாலும் அதற்கு ஒரு பொருளும் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது கையை. டிஷ்யூவைக் கசக்கித் தட்டில் போட்டிருந்தாலோ தட்டைச் சற்றுத் தள்ளி வைத்திருந்தாலோ முடித்துவிட்டார் என்று கொள்ளலாம். இலைச் சாப்பாட்டில் மடித்த இலை தெளிவான விடை. கைபேசி அழைப்புக்காக எழுந்து போனவரின் இலை திறந்திருந்தால், அதில் ஒரு வாய் மோரே மிச்சம் இருந்தாலும் தொடக்கூடாது.

எச்சில் தட்டைப் பற்றிய புகார் நியாயமானது. கையால் சாப்பிட்டவருக்கு விரல்கள் காய்ந்துகொண்டே வரும். கை கழுவ எழவும் தயக்கம், காய்ந்த கையோடு பேசவும் சங்கடம். முதலாமவர் முடித்ததைக் கண்டதும் தட்டை எடுக்காமல் வெந்நீரும் எலுமிச்சைத் துண்டும் இட்ட ஃபிங்கர் பவுலை அவருக்கு மட்டும் கொண்டுபோய் வையுங்கள். புகாரில் பெரும்பகுதி அதோடு தீர்ந்துவிடும். எலும்புத் தட்டையும், காலியான கிரேவிக் கிண்ணங்களையும், சிறு குழந்தையின் தட்டையும் இடையிலேயே எடுக்கலாம்; எடுப்பது நல்லதும்கூட. கிண்ணத்தில் கொஞ்சமேனும் மிச்சம் இருந்தால், ‘பார்சல் கட்டித் தரட்டுமா?’ என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டுக் கேட்பது வம்பு.

கேட்கும் வார்த்தையிலும் கவனம் தேவை. ‘இன்னும் சாப்பிடுறீங்களா?’ என்று ஒருபோதும் கேட்கக்கூடாது. அது சாப்பிடுபவரைக் கணக்கெடுப்பதுபோல் ஒலிக்கும். தட்டுக்கு உரியவரிடம் மட்டும், தாழ்ந்த குரலில், ‘எடுத்துக்கலாமா சார்?’, ‘எடுத்துக்கட்டுமா மேடம்?’ என்றால் போதும். மேசைத் தலைவர்போல் தோன்றுபவரிடம் கேட்டுவிட்டு மனைவியின் தட்டை எடுக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். அதை இன்றே நிறுத்துங்கள்.

வலப்பக்கமாக வந்து வலது கையால் எடுத்து, விருந்தினரின் முதுகுக்குப் பின்னால் இடது கைக்கு மாற்ற வேண்டும் என்பது பாட நூல் முறை. கையால் சாப்பிட்டவரின் வலது கை தட்டின் மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும் என்பதால், அவர் கையை விலக்கும் வரை காத்திருப்பது அல்லது இடப்பக்கமாக வருவது நல்லது என்பது என் கருத்து. மேசையிலேயே மிச்சத்தை ஒரே தட்டில் வழித்துப் போட்டு அடுக்குவதும், கிளீனர் பக்கெட்டைக் கொண்டுவந்து நாற்காலி அருகில் வைப்பதும் இத்தகைய உணவகத்துக்குப் பொருந்தாது. ஒரு கைக்கு இரண்டு அல்லது மூன்று தட்டுகள் போதும்; மிச்சத்தை உள்ளே போய் வழிக்கலாம்.

காத்திருப்போரைப் பற்றிய கவலைக்கு, நேரம் எங்கே வீணாகிறது என்று ஒரு சனிக்கிழமை இரவு நின்று பாருங்கள். தட்டு எடுத்த பின் இனிப்புக்கான மெனு வருவதற்குள்ளும், பில் கேட்டபின் அது வருவதற்குள்ளும், கார்டு இயந்திரம் வேறு மேசையிலிருந்து திரும்புவதற்குள்ளும் போகும் நிமிடங்களே அதிகம் என்பது தெரியும். அவற்றைக் குறையுங்கள். தட்டுகளை எடுத்ததும் சிந்திய சோற்றைத் துடைத்து, அதே நடையில் ‘இனிப்பு ஏதாவது கொண்டுவரட்டுமா?’ என்று கேட்கப் பழக்கினால், வேண்டாம் என்பவர்கள் தாமாகவே பில்லைக் கேட்டுவிடுவார்கள். தண்ணீர் டம்ளரை மட்டும் அவர்கள் எழும் வரை எடுக்க வேண்டாம்.