கண் ஊசியும் வி.இ.ஜி.எஃப். புரதமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

அம்மாவுக்குப் பல வருடங்களாக சுகர். கண்ணில் நீர் கோத்திருக்கிறது என்று மூன்று ஊசி போட்டார்கள். பார்வை தெளிந்ததும் நிறுத்திவிட்டோம். இப்போது மறுபடி மங்குகிறது. மருந்து பலிக்கவில்லையா?

பலித்தது, அதன் வீரியம் தீர்ந்துவிட்டது. நீரிழிவில் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. ஆக்ஸிஜனுக்குத் தவிக்கும் திசு, புதுக் குழாய்களை முளைக்க வைக்கும் வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது. கரு வளரவும் காயம் ஆறவும் இந்தப் புரதம் வேண்டும். கண்ணுக்குள் அளவு மீறினால்தான் வினை: குழாய்கள் கசிந்து, பார்வையின் மையமான மேக்குலாவில் நீர் கோக்கும். புதிதாக முளைப்பவை மெலிந்த குழாய்கள். அவை உடைந்தால் கண்ணுக்குள்ளேயே ரத்தம் கசியும்.

ஊசி மருந்து அந்தப் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அடைபட்ட குழாய் அடைபட்டபடியே இருப்பதால் சில வாரங்களில் சுரப்பு திரும்பிவிடும். முதல் வருடத்தில் எட்டு, ஒன்பது ஊசி ஆவது சாதாரணம். அடுத்த வருடம் குறையும். அம்மாவை இந்த வாரமே கூட்டிப்போய், விழித்திரையில் நீர் கோத்திருப்பதைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுங்கள். சுகரோடு ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். பணமோ தூரமோ காரணமாகத் தவறாமல் வர முடியாது என்றால், மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புதுக் குழாய்கள் முளைத்த நிலையில் ஊசியை மட்டும் நம்பிப் பாதியில் நின்றுபோனவர்களின் கண், லேசர் செய்துகொண்டு நின்றவர்களின் கண்ணைவிட மோசமாகக் கெட்டிருக்கிறது. லேசரின் பலன் நீடித்து நிற்கும்.

புற்றுநோய் மருந்தையா கண்ணில் போடுகிறார்கள்?

பெவாசிசுமாப்பைக் கேட்கிறீர்கள். கட்டியும் இதே புரதத்தால்தான் தனக்கு ரத்தக் குழாய் தேடிக்கொள்கிறது. அதனால் 2004இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு இதை அனுமதித்தார்கள். அடுத்த வருடமே கண் மருத்துவர்கள் கையில் எடுத்தார்கள். கண்ணுக்குப் போடுவது 1.25 மில்லிகிராம். புற்றுநோய்க்கு ஒரு வேளைக்கே நூற்றுக்கணக்கான மில்லிகிராம் ஏறும். முதுமையில் வரும் மேக்குலா நோயில், விலை கூடிய கண் ஊசி மருந்தான ரானிபிசுமாப்புக்கு இது சளைத்ததல்ல என்று 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒரே குப்பியைப் பல ஊசிகளாகப் பிரிக்கும்போது கிருமி புகாமல் பார்ப்பதுதான் முக்கியம். அதை எங்கே, எப்படிப் பிரிக்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசிக்குப் பின் வலி கூடி, கண் சிவந்து, பார்வை குறைந்தால் அன்றே திரும்பி வரவேண்டும்.

30 வாரத்தில் பிறந்த குழந்தை, 1,300 கிராம். முகம் பார்த்துச் சிரிக்கிறான். கண் பரிசோதனை அவசியமா?

அவசியம். சிரிப்பதை வைத்து விழித்திரையை எடைபோட முடியாது. குறைமாதத்தில் பிறந்து ஆக்ஸிஜன் கூடுதலாகக் கிடைக்கும்போது வி.இ.ஜி.எஃப். குறைந்து, குழாய் வளர்ச்சி பாதியில் நின்றுவிடுகிறது. வாரங்கள் கழித்து, வளரும் விழித்திரைக்கு ஆக்ஸிஜன் போதாமல் போக, அதே புரதம் பொங்கி எழுந்து கண்டபடி குழாய்களை முளைக்க வைக்கிறது. விழித்திரை பிரிந்துபோகும் அளவுக்கு இது முற்றலாம். நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடக்கவேண்டும். அந்த நாள் கடந்திருந்தால் நாளையே போங்கள்.

இந்தப் புரதத்தைக் குறைக்க உணவு உண்டா?

நிரூபிக்கப்பட்ட உணவு எதுவும் இல்லை. விளம்பரங்களை நம்பி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

தங்கைக்கு ஏழாம் மாதம். பி.பி. ஏறி, சிறுநீரில் புரதம் போகிறது. இதிலும் வி.இ.ஜி.எஃப். சம்பந்தப்பட்டிருக்கிறதா?

ஆம், ஆனால் இங்கே அது தட்டுப்பாடு. நஞ்சுக்கொடி அளவுக்கு மீறிச் சுரக்கும் இன்னொரு புரதம், தாயின் ரத்தத்தில் வி.இ.ஜி.எஃப்.ஐப் பிடித்து முடக்கிவிடுகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த அனந்த் கருமாஞ்சியின் குழு 2003இல் இதை வெளிக்கொண்டுவந்தது. புற்றுநோய்க்காக பெவாசிசுமாப் ஏற்றப்படுபவர்களுக்கும் பி.பி. ஏறிச் சிறுநீரில் புரதம் போவதுண்டு, காரணம் ஒன்றுதான். தங்கைக்குக் கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி எது வந்தாலும் நடுஇரவானாலும் பிரசவ வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அழைத்துப்போங்கள்.