வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்: “பிரஷர் குளிசை ஒத்துப்போகுதா?”

கேள்வி: நான் தாதியியல் மாணவி. கொழும்பில் ஓர் அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில், உயர் குருதி அமுக்கத்துக்கு மருந்தெடுப்பவர்கள் அந்த மருந்தில் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் என்று ஆராயப் போகிறேன். முன்னோட்டமாக 20 பேரிடம் கேட்டேன். எல்லோரும் “நல்லம், ஒரு கரைச்சலும் இல்லை” என்கிறார்கள். எங்கே பிழை?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் எந்த நேரத்தில், எந்த உடையில் கேட்டீர்கள் என்று பாருங்கள். சீருடையில் நிற்கும் ஒருவர், மருந்து கொடுக்கும் யன்னலுக்கு முன்னால் வரிசையில் காத்திருப்பவரிடம், இலவசமாகக் கிடைக்கும் மருந்தைப் பற்றிக் கேட்டால் அவர் குறை சொல்லமாட்டார். மருந்தை வாங்கி முடித்த பிறகு, சாதாரண உடையில், தனியாக இருத்திக் கேளுங்கள். பெயர் பதியப்படாது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். தமிழா சிங்களமா என்பதை அவரே தெரிவு செய்யட்டும்.

அடுத்தது கேள்வி. “திருப்தியா?” என்று ஒற்றைக் கேள்வி கேட்டால், கிளினிக் வரிசை, வைத்தியரின் பேச்சு, பஸ் செலவு எல்லாம் அந்தப் பதிலுக்குள் வந்துவிடும். மருந்தை மட்டும் பிரித்துக் கேட்பதற்கென்றே டிஎஸ்கியூஎம் (TSQM) என்ற வினாக்கொத்து இருக்கிறது. அதன் 1.4 பதிப்பில் 14 கேள்விகள்: பயன் பற்றி 3, பக்கவிளைவு பற்றி 5, எடுப்பதிலுள்ள வசதி பற்றி 3, மொத்தத் திருப்தி பற்றி 3. கடைசி இரண்டு மூன்று வார அனுபவத்தையே அது கேட்கிறது. ஆகவே நேற்றுத்தான் குளிசை மாற்றப்பட்டவரைச் சேர்க்க வேண்டாம். வினாக்கொத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, ஏற்கப்பட்ட மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்குங்கள். நீங்களாக மொழிபெயர்த்தால் புள்ளிகளை மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது.

புள்ளிகள் ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 100 வரை. பயன் பகுதியில் ஒவ்வொரு விடைக்கும் 1 முதல் 7 வரை இலக்கம் உண்டு. மூன்று விடைகள் 5, 6, 5 என்றால் கூட்டுத்தொகை 16. அதில் 3ஐக் கழித்து, 18ஆல் வகுத்து, 100ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 72. பக்கவிளைவே இல்லை என்பவருக்கு அந்தப் பகுதியில் 100. நான்கு பகுதிகளையும் கூட்டி ஒரே சராசரி போடாதீர்கள். அப்படிப் போட்டால், பிரஷர் இறங்கியும் இருமலால் நித்திரையில்லாமல் இருப்பவர் “பரவாயில்லை” என்ற கூட்டத்தில் மறைந்துபோவார்.

இந்த நோயில் பயன் பகுதிதான் சிக்கலானது. அறிகுறி குறைந்ததா, எவ்வளவு விரைவில் வேலை செய்தது என்று அங்கே கேள்விகள் வரும். உயர் குருதி அமுக்கத்தில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே கிடையாது. ஆகவே சிலர் தலையிடியை வைத்துப் பதில் சொல்வார்கள், சிலர் கிளினிக் கொப்பியிலுள்ள இலக்கத்தை வைத்து. எனவே அன்றைய அளவீட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஐந்து நிமிடம் இருத்தி, கை இதய மட்டத்தில் இருக்க, இரண்டு தடவை அளந்து சராசரி எடுங்கள். 160/100 இருந்தும் பயனுக்கு 89 புள்ளி கொடுக்கிறார் என்றால், அந்தத் திருப்தி மருந்தின் வேலையைக் காட்டவில்லை.

பக்கவிளைவை மருந்துவாரியாக, நேரடியாகக் கேட்க ஒரு தனித் தாள் வைத்திருங்கள். அம்லோடிபின் என்றால் கணுக்கால் வீக்கம், எனலாபிரில் என்றால் வறட்டு இருமல், ஐதரோகுளோரோதயசைட் என்றால் அடிக்கடி சலம் போவது, அதெனோலோல் என்றால் களைப்பும் கை கால் குளிர்வதும். பலர் இருமலைத் தடிமன் என்றும் வீக்கத்தை வயசு என்றும் நினைப்பதால் தாமாகச் சொல்வதில்லை. நீரிழிவு, கொலஸ்ட்ரோல் குளிசைகளும் எடுப்பவர் என்றால், எந்தக் குளிசையைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று கையில் காட்டிக் கேளுங்கள். எனலாபிரில் எடுப்பவருக்கு உதடு அல்லது முகம் வீங்கியது என்று தெரிந்தால் ஆய்வை நிறுத்திவைத்து, அவர் சம்மதத்தோடு அப்போதே வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.

இன்னொன்று. மருந்து பிடிக்காமல் விட்டவர்கள் கிளினிக்குக்கு வருவதே இல்லை. வந்தவர்களிடம் மட்டும் கேட்டால் திருப்தி எப்போதும் உயர்வாகத்தான் தெரியும். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, திகதி தவறியவர்களையும் தொலைபேசியில் கேட்க வழிசெய்யுங்கள்.

கேள்வி: அம்லோடிபின் 10 மி.கி. எடுக்கிறேன். பின்னேரத்தில் இரண்டு காலும் வீங்குகிறது. நிறுத்தலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம், பிரஷர் மறுபடி ஏறிவிடும். அம்லோடிபின் சிறு நாடிகளை விரிப்பதால் நீர் வெளியே கசிந்து வருகிற வீக்கம் இது. 5 மி.கி.யைவிட 10இல் அதிகம். சலம் போகவைக்கும் குளிசை இதற்குப் பெரிதாக உதவாது. வைத்தியர் அளவைக் குறைக்கலாம், லொசார்டன் போன்ற வேறொரு பிரஷர் மருந்தைச் சேர்க்கலாம், அல்லது மருந்தையே மாற்றலாம். ஒரு கால் மட்டும் நோவோடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ கிளினிக் திகதிக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இல்லையென்றால் அடுத்த கிளினிக்கில் கொப்பியை நீட்டும்போதே, “இந்தக் குளிசையில் கால் வீங்குது” என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள்.